வாடகை வருமானத்துக்காகச் சென்னையில் வீடு வாங்கும் முன் பார்க்க வேண்டிய சட்டங்கள்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர், வாடகை வருமானத்துக்காகச் சென்னை மடிப்பாக்கத்தில் ஒரு பழைய தனி வீட்டை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடிகளும் கொண்ட அந்த வீட்டில் நான்கு போர்ஷன்கள்; நான்கிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். மொத்த வாடகை மாதம் 36,000 ரூபாய். விலை 1 கோடியே 20 லட்சம். வாடகை ஒழுங்காக வருகிறது, பத்திரமும் சுத்தமாக இருக்கிறது என்று தரகர் சொல்கிறார். இதற்கு மேல் எந்தச் சட்டத்தைப் பற்றி நான் கவலைப்பட வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

பத்திரம் சுத்தமாக இருக்கிறது என்றால், விற்பவருக்கு அந்த நிலத்தின் மீது உரிமை இருக்கிறது என்றுதான் பொருள். நிலத்தின் மேல் நிற்கும் கட்டடம் முழுவதும் அனுமதி பெற்றதுதானா, குடியிருப்பவர் வாடகை கொடுக்க மறுத்தால் அவரைச் சட்டப்படி வெளியேற்ற முடியுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தப் பத்திரத்தில் பதில் இருக்காது. முதல் கேள்விக்கான பதில் உள்ளாட்சியிடமும் திட்ட அனுமதி தரும் அமைப்பிடமும் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கான பதில் மாநில வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. வாடகைக்கு விடுவதற்காக வாங்குகிறவர் இந்த இரண்டையும் விலையை முடிவு செய்யும் முன்பே பார்த்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. ஏனென்றால் இவற்றில் தெரியவரும் குறை ஒவ்வொன்றும் விலையைக் குறைக்க வேண்டிய காரணம். நிபந்தனை எதுவும் எழுதாமல் முன்பணம் கொடுத்த பிறகு தெரியவந்தால் அந்தப் பேரம் நடக்காது.

இந்திய அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. எனவே ஒரே உரிமையாளருக்குச் சென்னையில் ஒரு வீடும் மும்பையில் ஒரு வீடும் இருந்தால் அவர் இரண்டு வெவ்வேறு வாடகைச் சட்டங்களுக்கு உட்பட்டவர். மகாராஷ்டிரத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி, வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டிய பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. அவர் தவறினால், எதிர்மாறாக நிரூபிக்கப்படும் வரை வாடகைதாரர் சொல்லும் நிபந்தனைகளே உண்மை என்று கொள்ளப்படும். தமிழ்நாட்டின் ஏற்பாடு வேறு. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. 2021-இல் மத்திய அரசு ஒரு மாதிரி வாடகைச் சட்டத்தை வெளியிட்டது. குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அது நாடு முழுவதற்கும் வந்துவிட்ட சட்டம் என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு வந்து கேட்பவர்கள் பலர். அது மாநிலங்களுக்குக் காட்டப்பட்ட மாதிரி மட்டுமே. ஒரு மாநிலம் தன் சட்டமன்றத்தில் ஏற்றால்தான் அங்கே அது செல்லும். தமிழ்நாடு அதற்கு முன்பே, 2017-இல், தனக்கென்று ஒரு சட்டத்தை இயற்றிவிட்டது.

கட்டடத்திலிருந்து தொடங்குகிறேன். மடிப்பாக்கம் 2011-இல்தான் சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்தது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்த ஆண்டு அது. அதற்கு முன் அங்கே ஊராட்சி நிர்வாகம் இருந்தது. ஆகவே வீடு எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்து, அனுமதி வரைபடம் ஊராட்சி முத்திரையுடனோ மாநகராட்சி முத்திரையுடனோ இருக்கும். நீங்கள் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் காகிதம் அந்த வரைபடம்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் நின்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வரைபடத்தில் தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் இருக்கும். நேரில் பார்த்தால் இரண்டாம் தளத்தில் ஒரு போர்ஷன் இருக்கும். வரைபடத்தில் வலப்பக்கம் ஐந்து அடி விட்டிருக்கும். நேரில் அந்த இடத்தில் மாடிப்படியும் ஒரு கழிப்பறையும் நிற்கும். வாகனம் நிறுத்த ஒதுக்கிய இடத்தில் சுவர் எழுப்பி ஒரு ஒற்றை அறை போர்ஷன் ஆக்கியிருப்பார்கள். புறநகரின் பழைய வாடகை வீடுகளில் இவை அரிதானவை அல்ல.

இந்த இடத்தில் வாங்குகிறவர்கள் வழக்கமாக ஏமாறுவது சொத்து வரி ரசீதில்தான். 'மூன்று தளத்துக்கும் வரி கட்டியிருக்கிறோம், மாநகராட்சியே ஏற்றுக்கொண்டுவிட்டது' என்று விற்பவர் ரசீதைக் காட்டுவார். சொத்து வரி என்பது இருக்கும் கட்டடத்துக்கு விதிக்கப்படும் வரி; அதைக் கட்டியதால் அனுமதியில்லாத தளம் அனுமதி பெற்றதாகிவிடாது. மின் இணைப்புக்கும் குடிநீர் இணைப்புக்கும் இதே பதில்தான். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆவது பிரிவுகள், அனுமதியில்லாத கட்டுமானத்தை நிறுத்தவும், பூட்டி முத்திரையிடவும், இடிக்கவும் அதிகாரம் தருகின்றன. 2011-இல் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் கடைக் கட்டடங்களுக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) சீல் வைத்ததை ஊரே பார்த்தது. ஒரு குடியிருப்புத் தெருவில் அப்படி நடப்பது அபூர்வம் என்பது உண்மை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டால் போதும். அதன் பிறகு அதிகாரிகள் கண்டும் காணாமல் இருக்க முடியாது.

உங்கள் கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். இரண்டாம் தளத்தின் வாடகை மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அது போனபின் வருமானம் மாதம் 26,000. ஆண்டுக்கு 3 லட்சத்து 12 ஆயிரம். நீங்கள் கொடுக்கும் விலையோ மூன்று தளத்துக்கும் உரியது. வங்கியும் இதைக் கேட்கும். அனுமதி வரைபடத்தில் உள்ள பரப்புக்கு மட்டுமே கட்டட மதிப்பைக் கணக்கிட்டு வங்கி கடன் தந்தால், மீதியை நீங்கள் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். பணி நிறைவுச் சான்றோ குடியேறும் சான்றோ பார்த்த பிறகே வங்கிகள் கட்டடத்தின் மீது கடன் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதற்குப் பிறகு இந்தச் சோதனை இறுகத்தான் செய்யும்.

அனுமதியில்லாத தளத்தை முறைப்படுத்த வழி உண்டா என்றால், ஓரளவு உண்டு. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டப்பட்ட விதிமீறல் கட்டடங்களுக்காக நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்குப் பின் எழுப்பிய மாடிக்கு அது பொருந்தாது. ஆனால் 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்ட அனுமதிக்கின்றன. முன்பு அது ஒன்றரை மடங்காக இருந்தது. எனவே பழைய விதிப்படி மீறலாக இருந்த தளம் புதிய அளவுக்குள் அடங்கக்கூடும். பக்க இடைவெளி, சாலை அகலம், வாகன நிறுத்தம் ஆகியவையும் பொருந்தி வந்தால் திருத்திய வரைபடத்துக்கு விண்ணப்பிக்கலாம். இது பொருந்துமா என்பதைப் பதிவு பெற்ற ஒரு பொறியாளர் மனையை அளந்துதான் சொல்ல முடியும். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தை வீண் செலவாக நினைக்காதீர்கள். 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தைச் சிலர் இதற்குத் தீர்வாகச் சொல்வார்கள். அது 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியுமாகப் புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கான உடனடி அனுமதி. கட்டி முடித்த இரண்டாம் மாடியைக் காப்பாற்ற அது உதவாது.

மனையின் கதையும் ஒன்று இருக்கிறது. புறநகரில் பல தெருக்கள் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தை மட்டும் நம்பிப் பிரிக்கப்பட்ட மனைப்பிரிவுகள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதன் தொடர்ச்சியாக, அத்தகைய மனைகளின் பதிவை மறுக்கச் சொல்லும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அக்டோபர் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. 2017 மே மாதத்தில், அந்த மனைகளை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. அந்த அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டு மனையாகப் பதிவான இடத்தை மறுபடி விற்கவும் வாங்கவும் முடியும் என்பதால், இப்போது உங்கள் பத்திரம் பதிவாகிவிடும். சிக்கல் பிறகு வரும். பழைய வீட்டை இடித்துவிட்டுக் கட்ட நினைக்கும் நாளில், மனை வரன்முறை செய்யப்படாவிட்டால் கட்டட அனுமதி கிடைக்காது. பழைய வீட்டை வாங்குகிறவருக்கு அதன் உண்மையான மதிப்பே திரும்பக் கட்டும் வாய்ப்பில்தான் இருக்கிறது. ஆகவே வரன்முறை ஆணை இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள்.

இன்னொன்று, வில்லங்கச் சான்றிதழில் தெரியாமல் போகக்கூடியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய நகர நிலத்துக்கு வரம்பு விதித்து 1978-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999-இல் நீக்கப்பட்டது. நீக்கப்படும் முன் அரசு உபரி நிலமாகக் கையகப்படுத்திய இடங்கள் அரசுக்கே நின்றன. சென்னையைச் சுற்றியுள்ள பகுதிகளில் அப்படிப்பட்ட இடங்கள் பின்னர் மனைகளாகக் கைமாறியதுண்டு. தாய்ப்பத்திரத்தில் ஒரே குடும்பத்தின் பெயரில் பெரிய பரப்பு இருந்திருந்தால், அந்த சர்வே எண் உச்சவரம்பு நடவடிக்கைக்கு உள்ளானதா என்பதை வருவாய்த்துறையில் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பதிவுச் செலவு உங்கள் முதலீட்டுக் கணக்கை எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பும் பத்திரத்தில் எழுதும் விலையும் வேறுபட்டால் எது அதிகமோ அதன்மேல் கணக்கிடுவார்கள். 1 கோடியே 20 லட்சத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். மாதம் 36,000 வாடகை என்றால் இது இரண்டரை ஆண்டு வாடகை. மாதம் 26,000 என்றால் ஏறத்தாழ மூன்றரை ஆண்டு வாடகை. ஐந்தாறு ஆண்டுகளில் விற்றுவிடும் எண்ணத்தோடு வாடகை வீடு வாங்குகிறவர்கள் இந்தச் செலவைப் பல நேரம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று யோசனை சொல்வார்கள். முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி மதிப்பு குறைவாகக் காட்டப்பட்டதாகத் தோன்றினால் பதிவு அலுவலர் விசாரணைக்கு அனுப்பலாம். தவிர, உங்கள் பணம் எங்கே போனது என்பதற்குச் சான்றே இல்லாமல் போகும். அதைச் செய்யாதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் புது வீடு வாங்கியிருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். 2023 டிசம்பர் முதல் நிலப் பங்கும் கட்டடமும் சேர்த்து ஒரே மதிப்பில் பதிவாகின்றன. 50 லட்சம் வரை தீர்வையும் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம், 3 கோடி வரை 7 சதவீதம்.

சொத்து வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 1998-க்குப் பிறகு 2022 ஏப்ரலில்தான் வரி சீரமைக்கப்பட்டது. பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50 சதவீதமும் 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150 சதவீதமும் உயர்ந்தது. மடிப்பாக்கம் போன்ற இணைக்கப்பட்ட பகுதிகளில் உயர்வு இதைவிடக் குறைவு. 2024-இல் மீண்டும் 6 சதவீதம் கூடியது. அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை உண்டு. நீங்கள் பார்க்க வேண்டியது ரசீதில் உள்ள பரப்பளவு. நேரில் மூன்று தளம், ரசீதில் ஒன்றரைத் தளத்துக்கான பரப்பு என்றால், மறுமதிப்பீட்டில் வரும் வித்தியாசத் தொகை நீங்கள் உரிமையாளரான பிறகுதான் கேட்கப்படும். வரியை வாடகைதாரர் ஏற்க வேண்டும் என்று நினைத்தால் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது உரிமையாளரின் செலவு.

இனி வாடகைச் சட்டம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உரிமையாளர்கள் மனதில் இன்னும் 1960-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகை என்று ஒன்று இருந்தது. குடியிருப்புக் கட்டடத்தின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம், பிற கட்டடங்களுக்கு 12 சதவீதம் என்று அதைக் கணக்கிட்டார்கள். குடியிருப்பவரை வெளியேற்ற உரிமையாளர் வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, உள்வாடகை, சொந்தத் தேவை போன்ற காரணங்களுள் ஒன்றை நிரூபிக்க வேண்டும். அதன்பின் மேல்முறையீடு, சீராய்வு என்று வழக்கு ஒரு தலைமுறையைத் தின்றுவிடும். பயந்துபோய் வீட்டைப் பூட்டியே வைத்திருந்த குடும்பங்கள் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இருந்தன. அதே சமயம், திடீரென்று தெருவில் நிற்க வேண்டிய நிலையிலிருந்து எத்தனையோ ஏழைக் குடித்தனங்களைக் காத்ததும் அந்தச் சட்டம்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தை நீக்கியது. இதில் வாடகை என்பது இருவரும் ஒத்துக்கொண்ட தொகை, அரசு நிர்ணயிப்பதில்லை. உயர்வும் ஒப்பந்தப்படிதான். இந்தச் சுதந்திரத்துக்கு ஈடாகச் சட்டம் ஒன்றைக் கேட்கிறது: ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர் அந்த ஆணையமாகச் செயல்படுகிறார். அதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டின் மத்தியப் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கத்தான் பதினொரு மாத ஒப்பந்தம் என்ற பழக்கம் வந்தது. முத்திரைத்தாள் விற்பவரின் மேசையிலேயே ஆயத்தமாகக் கிடைக்கும் அந்தப் பதினொரு மாத ஒப்பந்தம், வாடகை ஆணையப் பதிவிலிருந்து உங்களை விடுவிக்காது. அது வேறு சட்டம், வேறு பதிவு. ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்றாலும் வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்ட முடியாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. விளைவு என்னவென்றால், மூன்று மாத வாடகை நிலுவையில் இருக்கும் ஒருவர்மீது உரிமையாளர் நீதிமன்றம் போனால், நிலுவையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒப்பந்தம் பதிவானதா என்ற கேள்வியில் வழக்கு நின்றுவிடுகிறது.

பதிவு செய்த உரிமையாளருக்கோ வழி தெளிவாக இருக்கிறது. இரண்டு மாத வாடகை நிலுவையானால் அறிவிப்பு அனுப்பலாம். அறிவிப்புக் கிடைத்து ஒரு மாதத்துக்குள் வாடகைதாரர் நிலுவையைச் செலுத்தாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்ய உத்தரவு கேட்கலாம். உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வேறொருவரைக் குடிவைப்பது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, உரிமையாளரின் சொந்தத் தேவை ஆகியவையும் காரணங்கள். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே ஒரு தனிக் காரணமாகவும் இருக்கிறது. மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகும். இந்த விவகாரங்களில் சாதாரண உரிமையியல் நீதிமன்றத்துக்கு இடமில்லை.

வாடகைதாரருக்கும் இந்தச் சட்டம் உறுதியான பாதுகாப்பைத் தருகிறது. முதலீட்டாளர் அதை எரிச்சலோடு பார்க்கக் கூடாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி ஒருவரை வெளியேற்றுவது சட்ட விரோதம். புகார் வந்தால் ஆணையம் உடனே இடைக்கால உத்தரவு போடலாம். வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பழுதுபார்ப்பை யார் செய்வது என்பதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது: கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, மின் கம்பி ஆகியவை உரிமையாளர் பொறுப்பு, குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, அடைத்துக்கொண்ட வடிகால் ஆகியவை வாடகைதாரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் இருவரும் வேறுவிதமாக முடிவு செய்தால் ஒழிய இந்தப் பட்டியல்தான் செல்லும்.

அட்வான்ஸ் பற்றி உங்களைப் போல வெளிநாட்டில் இருப்பவர்கள் அதிகம் கேட்கிறார்கள். சென்னையில் பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது ஊர் வழக்கம். சட்டமோ, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 'வேறுவிதமாக இல்லாவிட்டால்' என்ற வாசகம் இருப்பதால் பத்து மாதம் வாங்குவது தானாகக் குற்றமாகாது. ஆனால் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வாங்கியவருக்கு அந்த வாசகம் துணைக்கு வராது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டம். பத்து மாத அட்வான்ஸ் உரிமையாளருக்கு லாபம் என்று எண்ணுவது தவறு என்றே நான் நினைக்கிறேன். அது கடன். வாங்கிய தொகையைச் செலவழித்துவிட்டு, அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் தரும்வரை பழைய ஆளைக் காக்க வைக்கும் வழக்கத்தால், வேறு வீடு பிடித்துவிட்ட ஒரு குடும்பம் இரண்டு இடத்திலும் பணம் மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

உங்கள் பேரத்தை இது நேரடியாகப் பாதிக்கும். நான்கு போர்ஷனுக்கும் பத்து மாதம் வீதம் வாங்கியிருந்தால் 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் இப்போது விற்பவரிடம் இருக்கிறது. வீடு கைமாறினாலும் வாடகை உரிமை தொடரும். நாளை காலி செய்கிறவர் அந்தத் தொகையை உங்களிடம்தான் கேட்பார். கிரயத் தொகையில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். விற்பவர் சொல்லும் தொகையை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு வாடகைதாரரிடமும் எவ்வளவு கொடுத்தார், எந்தத் தேதிவரை வாடகை கட்டியிருக்கிறார், ஒப்பந்தம் இருக்கிறதா என்பதை எழுதி வாங்குங்கள். ஒருவர் இரண்டு லட்சம் கொடுத்ததாகவும் விற்பவர் ஒரு லட்சம்தான் வாங்கியதாகவும் சொல்லும் தகராறு கிரயத்துக்கு முன் வந்தால் அது அவர்களுடையது; பின் வந்தால் உங்களுடையது.

மின் இணைப்பையும் எண்ணிப் பாருங்கள். நான்கு போர்ஷனுக்கு நான்கு மீட்டர் இருக்கிறதா, அல்லது ஒரே இணைப்பிலிருந்து சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்களா? தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் யூனிட் கூடக் கூடக் கட்டணமும் ஏறும். நான்கு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் எல்லாரும் உயர்ந்த படிநிலையில் போய் விழுவார்கள். சலுகையும் ஒருமுறைதான் கிடைக்கும். வாடகைதாரர்கள் அடிக்கடி மாறும் வீடுகளில் இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பிக்கும்போது அனுமதி வரைபடம் இல்லாத தளம் மறுபடியும் முன்னால் வந்து நிற்கலாம்.

நான்கு போர்ஷனையும் சேர்த்துப் பெண்கள் விடுதியாக்கினால் வருமானம் கூடும் என்று யாராவது சொல்லக்கூடும். பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் நடத்த முடியாது. தீயணைப்பு, சுகாதாரம், கட்டட உறுதி என்று ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும். அனுமதியில்லாத மாடியுள்ள கட்டடத்தில் அந்த முயற்சியில் இறங்க வேண்டாம்.

நீங்கள் சிங்கப்பூரில் இருப்பதால், இங்கே பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். வாடகைச் சட்டம் சொத்து மேலாளர் என்ற ஒருவரை ஏற்கிறது. அவர் பெயரையும் அதிகார எல்லையையும் ஒப்பந்தத்திலேயே குறிப்பிடுங்கள். உறவினர் ஒருவருக்கு அங்கிருந்து பொது அதிகார ஆவணம் அனுப்புவதென்றால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அந்தக் கெடு தவறினால், அதை வைத்துச் செய்யும் எல்லா வேலையும் தடைபடும்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். இப்போது கிரய ஒப்பந்தத்துக்குச் சிறிய தொகையை மட்டும் முன்பணமாகக் கொடுங்கள். அனுமதி வரைபடம், மனை வரன்முறை ஆணை, நடப்பு அரையாண்டுச் சொத்து வரி ரசீது, பட்டா ஆகியவற்றை விற்பவர் குறிப்பிட்ட நாளுக்குள் தர வேண்டும் என்றும், தராவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் தளம் வரைபடத்தில் இல்லையென்றால், அதன் வாடகையைச் சேர்க்காமல் விலையைத் திரும்பப் பேசுங்கள். விற்பவர் மறுத்தால் விட்டுவிடுங்கள். கிரயம் முடிந்ததும் நான்கு வாடகைதாரர்களுடனும் உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் எழுதி, ஒவ்வொன்றையும் வாடகை ஆணையத்தில் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணை அவர்களுக்கும் கொடுங்கள். சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு, பட்டா ஆகியவற்றின் பெயர் மாற்றத்தை அடுத்த முறை ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். பழைய உரிமையாளர் பெயருக்குப் போகும் நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்து சேராது. பதில் சொல்ல வேண்டிய கெடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.